டங்ஸ்டன் துண்டு உடைந்த சத்தம்

உப்புவெளி:
லேத் வேலையில் 22 வருடம். போன மாதம் ஒருவர் த்ரீ-டி பிரிண்டரில் அடித்த டங்ஸ்டன் துண்டு கொண்டுவந்தார். தீப்பெட்டி அளவுதான், அரைக் கிலோ இருக்கும். நாலு ஓட்டை போட வேண்டும். கார்பைட் பிட், மெதுவான வேகம், கூலன்ட் எல்லாம் சரி. மூன்று விழுந்தது. நாலாவதில் பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் நேரம் ‘டிக்’ என்று ஒரு சத்தம், கண்ணாடிக் கோப்பையின் விளிம்பு தெறித்த மாதிரி. பார்த்தால் மூலை அப்படியே பெயர்ந்து கிடக்கிறது. மனுசன் ஒரு வார்த்தை ஏசவில்லை. நான் கூலி வாங்கவில்லை. என் கைப்பிழையா, சொல்லுங்கள்.

சீனக்குடா:
அண்ணா, கைப்பிழை இல்லை. சிங்கப்பூரில், உலோகத் தூளை லேசரால் உருக்கிப் பிரிண்ட் பண்ணுகிற மெசின் ஓட்டியிருக்கிறேன். முதன்முதலாக அடித்த டங்ஸ்டனை வெட்டி, பொலிஷ் பண்ணி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். கந்தளாய்க் குளம் வற்றினால் சேறு வெடித்துக் கிடக்குமே, அதே கோலம். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. 3422 பாகை செல்சியஸில் உருகுகிற சாமான். லேசர் அங்கால் போனதும் கண் இமைக்குமுன் இறுகிச் சுருங்குகிறது. நல்ல சூட்டில் வளைந்து கொடுக்கும், ஆறினால் நொறுங்கும். தூளில் கொஞ்சம் ஒட்சிசன் இருந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் துண்டு ட்ரில்லில் ஏறுமுன்பே வெடித்திருக்கும்.

நிலாவெளி:
சீனக்குடா தம்பி, பார்க்காத துண்டுக்கு அப்படித் தீர்ப்புச் சொல்லக்கூடாது. வெற்றிடத்தில், தூள் படுக்கையை 1000 பாகைக்கு மேல் சூடாக வைத்து இலத்திரன் கற்றையால் அடிக்கிற மெசின் இருக்கிறது. அதில் வெடிப்பு வெகுவாகக் குறையும். உருகக் கடினமான எல்லா உலோகமும் ஒரே மாதிரி இல்லை. பிரிண்ட் பண்ணிய தாந்தலம் துண்டு என் கையால் வைஸில் நசுங்கியது, வளைந்தது, உடையவில்லை.

உப்புவெளி அண்ணா, இனி யாராவது கொண்டுவந்தால் எந்த மெசினில் அடித்தது என்று முதலில் கேளுங்கள். ஓட்டையைப் பிரிண்டிலேயே விட்டு அடிக்கச் சொல்லுங்கள், பிறகு கிரைண்டிங்கோ, மின்பொறிக் கம்பியால் அறுக்கிற வயர்-கட்டோ போதும். ட்ரில் போட்டே ஆக வேண்டுமென்றால் பின்பக்கம் ஒரு இரும்புத் தகட்டை இறுக்கி வையுங்கள். பிட் வெளியே வரும் இடத்தில்தான் விளிம்பு பெயரும். சூடுகாட்டி ஓட்டினால் லேசு, ஆனால் காற்றில் 500 பாகை தாண்ட விடவேண்டாம், ஒட்சைட் ஏறிவிடும். தாந்தலம், டைட்டேனியம் என்றால் உள்ளே மிஞ்சிய தூளில் கவனம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, காய்ந்த மணல்தான்.

உப்புவெளி:
எந்த மெசின் என்று நான் கேட்கவே இல்லை. பின்னால் தகடும் வைக்கவில்லை. பெயர்ந்த மூலை இன்னும் என் லாச்சியில் கிடக்கிறது. அவருடைய நம்பர் பில் புத்தகத்தில் இருக்கிறது, காலையில் எடுத்துக் கேட்கிறேன்.