காத்து கம்மியான சீசனுக்கு இன்சூரன்ஸ் இருக்கா?

உடுமலைக்காரன்:
பங்காளிங்க சேந்து செகண்ட்ஹேண்ட்ல வாங்குன கரண்ட் எடுக்கற ரெண்டு காத்தாடி உடுமலை பக்கம் ஓடுதுங்க, லோன் இன்னும் முடியல. வருமானம் முக்காவாசி வைகாசிலருந்து புரட்டாசி வரைக்கும் அடிக்கற காத்துலதான், அது டல்லடிச்சா டியூ கட்ட நாக்கு தள்ளுது. பாலிசில காத்து கம்மிக்கு கிளைம் உண்டான்னு கேட்டா ஏஜென்ட் சிரிக்கறாருங்க. வெளிநாட்டுல இருக்காமே, நெசமா?

கயத்தாறு தம்பி:
நெசந்தான் அண்ணாச்சி. உங்க பாலிசி பிளேடு ஒடிஞ்சா, இடி விழுந்தா குடுக்கும், காத்தாடி நல்லாருந்து காத்து வரலன்னா அவங்க கணக்குல அது நஷ்டமே இல்ல. நீங்க கேக்கது இண்டெக்ஸ் கவர், மழையளவ வச்சு பயிருக்கு போடுதாங்கல்ல அதே கததான். பழைய காத்து டேட்டாவ வச்சு சீசனுக்கு ஒரு அளவு குறிப்பாங்க, அதுக்கு கீழ போனா சர்வேயரே வராம பணம் வரும். கன்சாஸ்ல புளூம்னு 178 மெகாவாட் காத்தாலை, 2016ல அலையன்ஸ்ங்கற இன்சூரன்ஸ் கம்பெனி கூட 10 வருசத்துக்கு போட்ட ஒப்பந்தம் இதுக்கு பக்கத்துல வரும், ஆனா அதுல வருமானம் கூடுனா கூடுதல அவங்களுக்கு குடுத்துரணும்.

மில் ஆடிட்டர்:
யார் டேட்டாங்கறதுதான் மேட்டரே. ஐரோப்பிய வானிலை மையத்தோட ஈரா5ங்கற பழைய வானிலை டேட்டா 1940லருந்து இருக்கு, சரி, ஆனா ஒரு கட்டம் 30 கிலோமீட்டர் கிட்ட வரும், பாலக்காட்டு கணவாய் காத்து அவ்ளோ தூரத்துக்கு ஒரே மாதிரியா அடிக்குது? வேகம் 10 சதவீதம் கொறஞ்சாலே காத்துல இருக்கற சக்தி 27 சதவீதம் போயிடும், அதனால டேட்டால சின்ன பிசகுன்னாலும் உங்க பாக்கெட்ல பெருசா அடிக்கும். பழைய ஈபி ஸ்டேட்மென்ட்ட அந்த டேட்டாவோட மாசாமாசம் ஒப்பிட்டு பாருங்க, மெஷின் ரிப்பேர்ல நின்ன மாசத்த கழிச்சுட்டு.

கிரிட் கோவிந்து:
காத்து பிச்சிக்கிட்டு அடிக்கும்போது பேக்டவுன், அதாவது கிரிட்டுக்கு கரண்ட் அனுப்பாதீங்கன்னு சொல்லி நிறுத்தறாங்களே, அதுக்கு இதுல பைசா வராது, ஏன்னா இண்டெக்ஸ் படி காத்து இருந்துச்சு. எனக்கு அந்த நஷ்டந்தான் வயித்தெரிச்சல். இன்னொன்னு, இத்தன யூனிட் குடுத்தே தீருவேன்னு எழுதற டைப் ஹெட்ஜ்ல (வருமானத்த நிலையாக்க போடற ஒப்பந்தம்) தலைய விட்றாதீங்க. டெக்ஸாஸ்ல 2021 பிப்ரவரி குளிர்ல டர்பைன் நின்னு, அப்படி எழுதுனவங்க யூனிட்டுக்கு 9 டாலர் வரைக்கும் குடுத்து கரண்ட்ட வெளிய வாங்கி ஈடுகட்ட வேண்டி வந்துச்சு.

உடுமலைக்காரன்:
ஸ்டேட்மென்ட் பூரா சாக்குல கெடக்குதுங்க, எக்ஸெல்ல ஏத்த சொல்றேன். பிரீமியம் தாங்குமா?

கயத்தாறு தம்பி:
லேசா கொறஞ்சாலே குடுக்கணும்னு கேட்டா பிரீமியம் எகிறிரும் அண்ணாச்சி. டியூ கட்ட முடியாத அளவுக்கு போற வருசத்துக்கு மட்டும் கேளுங்க. ரெண்டு காத்தாடின்னு போய் நின்னா எவனும் மதிக்க மாட்டான், சுத்துவட்டாரத்து ஆளுங்கள சேத்துக்கிட்டு போங்க.