300 கெல்வினில் தயக்கக் கண்ணி தலைகீழாக வருகிறது: காரணம் துகளிலா, காந்தமானியிலா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சராசரியாக 10 நானோமீட்டர் அளவுள்ள மேக்னடைட் (இரும்பு ஆக்சைடு) துகள்களைத் தயாரித்து, 7 டெஸ்லா மீக்கடத்திக் காந்தம் பொருத்திய ஸ்குயிட் காந்தமானியில் (மிக நுண்ணிய காந்தத்தையும் உணரும் கருவி) அளந்து, தயக்கக் கண்ணியை, அதாவது புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் மூடிய கோட்டை, வரைந்து வருகிறேன். 300 கெல்வினில் புலத்தை +7 டெஸ்லாவிலிருந்து இறக்கும்போது, காந்தமாக்கம் எதிர்ப்புலத்தில் சுழியாவதற்கு மாறாக, திரையில் புலம் இன்னும் +22 எர்ஸ்டெட் (10,000 எர்ஸ்டெட் ஒரு டெஸ்லாவுக்குச் சமம்) என்று காட்டும்போதே சுழியாகிவிடுகிறது. ஏறுமுகத்தில் அதே நிகழ்வு −22 எர்ஸ்டெட்டில் வருகிறது. காந்த நீக்குத்திறன் (காந்தமாக்கத்தைச் சுழியாக்கத் தேவையான எதிர்ப்புலம்) எதிர்க்குறி பெறுகிறது என்றுதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் 5 கெல்வினில் கண்ணி வழக்கமான வடிவில், 280 எர்ஸ்டெட் காந்த நீக்குத்திறனுடன் அமைகிறது. துகளின் மேற்பரப்பில் ஏதோ புதிய விளைவு இருப்பதாக எழுதலாம் என்று உடன் ஆய்வு செய்பவர் கருதுகிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கே தேடுவது?

பதில் 1

மாதிரியை எப்படி அடைத்தீர்கள்? தூள் தளர்வாக இருந்தால் துகள்கள் புலத்தின் திசைக்குத் திரும்பிக் கண்ணியின் வடிவத்தையே மாற்றிவிடும். எஃகுக் கரண்டியால் அள்ளியிருந்தால் இரும்புத் துணுக்கு கலந்திருக்கவும் கூடும்.

கேள்வி கேட்டவர்

ஜெலட்டின் குப்பியில் மெழுகு ஊற்றி இறுக்கியிருக்கிறேன். பயன்படுத்தியது நெகிழிக் கரண்டி. புதிதாக அடைத்த இரண்டாவது மாதிரியிலும் அதே 22 எர்ஸ்டெட் வருகிறது.

பதில் 2

மாதிரியை மாற்றியும் எண் மாறவில்லை என்பதே பெரிய தடயம். கண்ணியின் பரப்பு என்பது ஒரு முழுச் சுழற்சியில் பொருள் வெப்பமாக இழக்கும் ஆற்றல். கண்ணி முழுவதும் தலைகீழானால் ஒவ்வொரு சுழற்சியிலும் பொருள் ஆற்றலை வெளியே தருவதாகிவிடும், அது நடக்காது. இரண்டு கோடுகளும் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் ஃபெர்ரோ காந்த அடுக்குக்கும் எதிர்ஃபெர்ரோ காந்த அடுக்குக்கும் இடையிலான பிணைப்பை ஐயுறலாம். உங்களுடையவை எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நகர்ந்திருக்கின்றன. ஆகவே நான் முதலில் ஐயுறுவது கிடையச்சில் உள்ள எண்ணை.

இவ்வகைக் கருவிகள் பலவற்றில் புலம் நேரடியாக அளக்கப்படுவதில்லை. சுருளில் ஓடும் மின்னோட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. சுருள் நியோபியம்–டைட்டானியக் கம்பியால் ஆனது. அது இரண்டாம் வகை மீக்கடத்தி (உயர்ந்த புலத்தைத் தன்னுள் ஓரளவு நுழையவிடும் வகை) என்பதால், உயர்ந்த புலத்துக்குப் போய் வந்தபின் கம்பிக்குள் காந்தப் பாயத்தின் ஒரு பகுதி சிக்கிக்கொள்கிறது. அவ்வாறு சிக்கிய பாயம், சுருளின் நடுவில் மாதிரி இருக்கும் இடத்தில், கடைசியாகச் செலுத்திய புலத்துக்கு எதிர்த்திசையில் ஒரு சிறு புலத்தை உண்டாக்குகிறது. +7 டெஸ்லாவிலிருந்து இறங்கிய பின் திரை சுழி என்று காட்டினாலும், உங்கள் துகள் உணர்வது ஏறத்தாழ −22 எர்ஸ்டெட். 5 கெல்வினில் உண்மையான காந்த நீக்குத்திறன் இந்தப் பிழையைவிடப் பல மடங்கு பெரியது என்பதால் பிழை அதற்குள் மறைந்துவிடுகிறது. 300 கெல்வினில் உங்கள் துகள்கள் சூப்பர்பாரா காந்த நிலையில் (வெப்பமே துகளின் காந்தத் திசையை ஓயாமல் புரட்டுவதால் தயக்கம் இல்லாத நிலை) இருப்பதால் மறைவதற்கு இடமில்லை. (மீக்கடத்தியில் பாயம் சிக்குவதை விளக்கும் கோட்பாட்டு மாதிரியை 1962-இல் வெளியிட்ட சார்லஸ் பீன்தான், 1959-இல் லிவிங்ஸ்டனுடன் சேர்ந்து சூப்பர்பாரா காந்தம் பற்றிய அடிப்படைக் கட்டுரையையும் எழுதினார். உங்கள் சிக்கலின் இரு பாதிகளும் ஒரே மனிதரிடம் சந்திப்பது எனக்கு என்றும் வியப்பளிக்கிறது.)

சோதிக்க எளிய வழி உண்டு. தூய பல்லேடியத் துண்டு ஒன்றை, அதே புல வரிசையில், அதே வேகத்தில் அளந்து பாருங்கள். பாரா காந்தப் பொருளான அதற்குத் தயக்கமே கிடையாது. ஆகவே அதில் கண்ணி திறந்தால், திறந்த அளவு முழுவதும் புலத்தின் பிழைதான். 298 கெல்வினில் அதன் ஏற்புத்திறன் (புலத்துக்கு ஏற்பக் காந்தமாகும் அளவு), ஒரு கிராமுக்கு ஓர் எர்ஸ்டெட்டுக்கு 5.25 × 10⁻⁶ ஈ.எம்.யூ. (காந்தத் திருப்புத்திறனின் அலகு). அளந்த காந்தத் திருப்புத்திறனை நிறையாலும் இந்த எண்ணாலும் வகுத்தால் உண்மைப் புலம் கிடைத்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பல்லேடியமும் அதே திசையில் 21 எர்ஸ்டெட் திறந்தது. உச்சப் புலத்தை 1 டெஸ்லாவாகக் குறைத்தபோது திறப்பும் சுருங்கியது. திருத்திய புலத்தில் வரைந்தால் என் துகள்களின் இரு கோடுகளும் 1 எர்ஸ்டெட்டுக்குள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. இன்னொன்றையும் கேட்கிறேன்: புலமின்றிக் குளிர்வித்து 50 எர்ஸ்டெட்டில் அளந்த கோடு, 5 கெல்வினில் எதிர்க்குறியில் தொடங்குகிறது. அதுவும் இதனால்தானா?

பதில் 2

இதனால்தான். புலமின்றிக் குளிர்வித்ததாக நீங்கள் நினைத்தது, உண்மையில் எதிர்ப்புலத்தில் குளிர்வித்தது. துகள்கள் அந்தத் திசையிலேயே உறைந்துவிட்டன. பிறகு செலுத்திய 50 எர்ஸ்டெட்டிலும் எச்சப் புலம் போக மிஞ்சியது பாதிக்குச் சற்று மேல்தான், அவற்றைத் திருப்ப அது போதவில்லை. குளிர்விக்கும் முன், புலத்தை நேராக இறக்காமல், குறிமாறி அலைந்து படிப்படியாகத் தேயும் முறையில் சுழிக்குக் கொண்டுவாருங்கள். எச்சம் சில எர்ஸ்டெட்டுக்குக் குறையும். கருவியில் வசதி இருந்தால், காந்தச் சுருளைச் சிறிது சூடாக்கி மீக்கடத்தும் நிலையை ஒருமுறை குலைத்துவிடுவது இன்னும் நல்லது.

கேள்வி கேட்டவர்

தேயும் முறையில் இறக்கிய பின் அந்தக் கோடு நேர்க்குறியில் தொடங்குகிறது. சென்ற ஆண்டு அளந்த தரவுகளையும் இதே பல்லேடியக் கோட்டால் திருத்தலாமா?

பதில் 1

அதே உச்சப் புலம், அதே படிகள், அதே வேகம் என்று குறிப்பேட்டில் பதிவு இருந்தால் திருத்தலாம். இல்லாதவற்றை மீண்டும் அளப்பதே நேர்மை.