டெபியன் இன்ஸ்டாலர்ல எஸ்எஸ்டியே காட்டல, பயாஸ்ல மாத்தினா விண்டோஸ் ப்ளூ ஸ்கிரீன், அடுத்த ஞாயிறுக்குள்ள உதவி வேணும்

கரிசல்காடு:
எல்லாருக்கும் வணக்கம். கோவில்பட்டி பக்கம் நாங்க நாலு பேரு சேர்ந்து ஒரு டியூஷன் சென்டர் மாடியில லினக்ஸ் கூட்டம் போடுறோம். வழக்கமா ஆறேழு பேருதான் வருவாங்க, இந்தத் தடவை பதினாலு பேரு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் முடிஞ்சதுல இருந்தே கூட்டம் ஏறிட்டுதான் இருக்கு, நல்லா ஓடுற மெஷின தூக்கிப் போட யாருக்கும் மனசு வரல. ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி 4 ஜிபி ரேம் இருக்குற பழைய லேப்டாப்ப துணிப்பையில சுத்தி எடுத்துட்டு வந்தாரு, மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (பழைய மெஷினுக்கு ஏத்த லேசான லினக்ஸ்) போட்டுக் குடுத்தோம், இப்ப கடைக் கணக்கு அதுலதான் எழுதுறாரு.

பிரச்சனை புது லேப்டாப்லதான். காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு, 10வது ஜென் ஐ5, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. அதுவும் இருக்கணும், கூடவே டெபியன் 13 லினக்ஸ் வேணும்னு கேட்டுச்சு. பென்டிரைவ்ல பூட் ஆகுது, வைஃபை எடுக்குது, ஆனா டிஸ்க் பிரிக்கிற இடத்துல பென்டிரைவ் மட்டும்தான் காட்டுது. பயாஸ்ல (மெஷின் எழும்போதே திறக்குற செட்டிங்ஸ்) சாட்டா மோடு "ஆர்எஸ்டி வித் ஆப்டேன்"னு இருந்துச்சு, அது இன்டெலோட தனி டிஸ்க் மோடு, பொதுவான ஏஹெச்சிஐ மோடுக்கு மாத்தினதும் எஸ்எஸ்டி வந்துருச்சு. ஆனா விண்டோஸ் வருதான்னு பாத்தா ப்ளூ ஸ்கிரீன், "இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்"னு. ரெண்டு தடவ அப்படியே ஆகி ரிக்கவரிக்குப் போயி 48 இலக்க பிட்லாக்கர் கீ (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடுற பூட்டோட சாவி) கேட்டுச்சு, அப்படி ஒண்ணு இருக்குன்னே அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. முகமே வாடிப் போச்சு. பழையபடி ஆர்எஸ்டிக்கு மாத்தினதும் விண்டோஸ் வந்துருச்சு, அதோட நிறுத்திட்டோம். நம்பிக் கொண்டு வந்த புள்ளைய வெறுங்கையோட அனுப்பினது எனக்கு ரெண்டு நாளா உறுத்துது. ஃபார்மேட் பண்ணாம வழி இருக்கா?

பவானி_கரை:
விண்டோஸ அழிச்சிட்டு டெபியன் மட்டும் போடுங்க ப்ரோ, பாதி பிரச்சனை தீர்ந்துச்சு.

கரிசல்காடு:
இல்லங்க, லேப் எக்ஸாம் சாஃப்ட்வேர் விண்டோஸ்லதான் ஓடுதாம். அவங்க கேக்காதத நாம செய்யக்கூடாது.

பழைய_கீபோர்டு:
தம்பி, ஃபார்மேட் எல்லாம் வேண்டாம், நான் இதே வேலைய ஏழெட்டு மெஷின்ல செஞ்சிருக்கேன். ஆர்எஸ்டி மோடுல கன்ட்ரோலர் அந்த என்விஎம்இய தனக்குப் பின்னாடி மறைச்சு வச்சிக்கும். லைவ் பென்டிரைவ்ல டிமெசேஜ் கமாண்டு (லினக்ஸ் கெர்னலோட செய்திகளக் காட்டும்) குடுத்துப் பாருங்க, ரீமேப் ஆன என்விஎம்இ ஒண்ணு இருக்கு, ஏஹெச்சிஐக்கு மாத்துன்னு கெர்னலே சொல்லும். விண்டோஸ் ஏன் விழுந்துச்சுன்னா, அது ஆர்எஸ்டி டிரைவரோட மட்டுமே எழுந்திரிச்சுப் பழகினது, மோடு மாறினதும் தன் டிஸ்க்க அதுக்கே அடையாளம் தெரியல. சேஃப் மோடுல ஒருதடவ எழுப்பினா சரியான டிரைவர பிடிச்சிக்கும்.

முதல்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போயி பிட்லாக்கர் கீய எடுத்து பேப்பர்ல எழுதி வைக்கச் சொல்லுங்க, போட்டோ எடுத்து அதே லேப்டாப்ல வைக்காதீங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி உள்ள டிவைஸ் என்க்ரிப்ஷன (அதுதான் அந்த பிட்லாக்கர் பூட்டு) ஆஃப் பண்ணணும், அது முழுசா முடிய நேரம் எடுக்கும், அதனால வீட்லயே முடிச்சிட்டு வரச் சொல்லுங்க. கூட்டத்துல எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸோட பூட் செட்டிங்ஸ் ஆப்) திறந்து பூட் டேப்ல சேஃப் பூட் டிக் பண்ணி ரீஸ்டார்ட், விண்டோஸ் லோடு ஆகுறதுக்கு முன்னாடியே பயாஸுக்குள்ள போயி ஏஹெச்சிஐக்கு மாத்தணும், சேவ். விண்டோஸ் சேஃப் மோடுல வரும், வந்ததும் எம்எஸ்கான்ஃபிக்ல அந்த டிக்க எடுத்துட்டு சாதாரணமா ரீஸ்டார்ட். அவ்வளவுதான். பயாஸ்ல இருக்குற செக்யூர் பூட்ட (கையெழுத்து இல்லாத சிஸ்டத்த எழுப்ப விடாத காவல்) தொட வேண்டாம், டெபியன் 10ல இருந்தே அது ஆன்ல இருந்தாலும் ஏறும்.

மலைக்கோட்டை_மதி:
அண்ணா சொன்னது சரி, ரெண்டு விஷயம் சேத்துக்கோங்க. சேஃப் மோடுல பின் நம்பர் வேலை செய்யாம போகலாம், அக்கவுண்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கான்னு முன்னாடியே கேளுங்க. ரெண்டாவது ரொம்ப முக்கியம், அதுல நிஜமாவே ஆப்டேன் மெமரி, அதாவது டிஸ்க்க வேகமாக்குற இன்டெல் கேஷ், இருந்தா (512 கூட 32 ஜிபின்னு தனியா எழுதியிருப்பாங்க) இன்டெல் ஆப்ல அத முதல்ல டிஸேபிள் பண்ணிட்டுதான் மோடு மாத்தணும், இல்லன்னா டேட்டா போயிரலாம். விண்டோஸ முழுசா அணைய விடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா லினக்ஸ்ல இருந்து விண்டோஸ் பார்ட்டிஷன்ல எதையும் எழுத விடாது.

கரிசல்காடு:
அண்ணா, மதி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியாம நேத்து சாயங்காலமே அவங்க அப்பாவோட வரச் சொன்னேன். கீ அப்பாவோட அக்கவுண்ட்ல இருந்துச்சு, அதனாலதான் பொண்ணுக்குத் தெரியல. ஆப்டேன் இல்ல, பேர் மட்டும்தான். மதி சொன்ன மாதிரியே பின் எடுக்கல, பாஸ்வேர்டு போட்டு உள்ள போனோம், டிக்க எடுத்தோம், விண்டோஸ் சிரிச்சிட்டே வந்துச்சு. அப்புறம் விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல 120 ஜிபி சுருக்கி அந்த இடத்துல டெபியன் போட்டாச்சு. பொண்ணு டெர்மினல்ல முதல் சி புரோகிராம் கம்பைல் பண்ணி ஓட்டினப்ப அவங்க அப்பாவும் எட்டிப் பாத்துட்டு இருந்தாரு.

ஒரு சந்தேகம், என்க்ரிப்ஷன திரும்ப ஆன் பண்ணலாமா? இன்னொரு பொண்ணோட லேப்டாப்ல பயாஸ்ல சாட்டா மோடு வரியே இல்லையாம், அதுக்கு என்ன பண்ண?

பழைய_கீபோர்டு:
ஆன் பண்ணலாம் தம்பி, ஆனா அதுக்கப்புறம் விண்டோஸ க்ரப் மெனு (டெபியன் போடுற பூட் மெனு) வழியா திறந்தா சில மெஷின் கீ கேக்கும், பயாஸோட பூட் மெனுல இருந்தே திறக்கச் சொல்லுங்க. அந்த இன்னொரு லேப்டாப்புக்கு, பயாஸ்ல மெயின் டேப்ல நின்னுட்டு கன்ட்ரோல் எஸ் அடிச்சுப் பாருங்க, சில கம்பெனி மெஷின்ல அப்பதான் அந்த வரி வெளிய வரும். வந்தா இங்க சொல்லுங்க.