கடல் கடந்த பினீசியர் கோயில் கட்டியது எப்படி? மனை, கடன், கணக்கு

கேள்வி (ரங்கூன்)
நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடைக் கணக்கிலேயே மகமை எடுத்துவைத்துக் கோயில் கட்டினார்கள். இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த பழங்காலக் கடலோடிகளான பினீசிய வணிகர்களும் போன ஊரில் சங்கம் கூடிக் கோயில் எழுப்பினார்களாமே. மனை யார் கொடுத்தது? பணத்துக்கு என்ன வழி? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (பெகு)
முதல் சிக்கல் மனைதான் ஐயா. கிரேக்க நகரங்களில் குடியுரிமை இல்லாதவர் பெயரில் நிலம் நிற்காது. கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் முதலில் மனுப் போட வேண்டும். கி.மு. 333இல் சைப்ரஸ் தீவின் பினீசிய ஊரான கித்தியோனின் வணிகர்கள் ஏதென்ஸ் மக்கள் மன்றத்தில் அப்படித்தான் கேட்டார்கள். எகிப்தியர் ஈசிஸ் கோயில் கட்டியதை முன்னுதாரணம் காட்டி, ஏதென்ஸ் அரசியல்வாதி லைகர்கஸ் கொண்டுவந்த தீர்மானத்தால் கிரேக்கப் பெண் தெய்வமான அப்ரோடைட்டியின் கோயிலுக்கு நிலம் வாங்க அனுமதி கிடைத்தது. அந்தப் பெயரில் அவர்கள் கும்பிட்டது தங்கள் பெண் தெய்வம் அஸ்தார்த்தையைத்தான்.

கிரேக்கத் தீவான டெலோஸில், தீரு (டயர்) என்ற பினீசிய ஊர்க்காரர்களுக்கும் இதே வழி. தீவு அப்போது ஏதென்ஸ் கையில். அதனால் கி.மு. 153/152இல் தங்கள் சாமி மெல்கார்த்துக்கு இடம் கேட்டு ஏதென்ஸுக்கே தூது அனுப்பினார்கள்.

பதில் (மோல்மேன்)
பணத்துக்கு டெலோஸிலேயே இன்னொரு சங்கத்தைப் பாருங்கள்: கடல் சாமி பொசைடன் பெயரில் பெய்ரூட்காரர்கள் வைத்த சங்கம். உறுப்பினர்கள் வணிகர், கப்பல்காரர், கிட்டங்கிக்காரர். நம் ஆட்களின் பட்டியலைப் போலவே இருக்கிறது! சாமி சந்நிதிகள், தூண் சூழ்ந்த முற்றம், அடியில் தண்ணீர்த் தொட்டி, கூடிப் பேச இடம், எல்லாம் ஒரே கட்டடத்தில். ஆனால் கடன் வாங்கிக் கட்டியதில் வேலை பாதியில் நின்றது, வட்டி ஏறியது. கடன் கொடுத்த ரோமானியர் மார்க்கஸ் மினாத்தியஸ் வட்டியைத் தள்ளுபடி செய்து, மேலும் 7,000 திராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு) கொடுத்தார். சங்கம் அவருக்குச் சிலை வைக்க முடிவு செய்தது. பினீசியர் கோயிலில் ரோமானியருக்குச் சிலை! கடன் கொடுத்தவர் மனம் இளகாவிட்டால் அந்தக் கட்டடம் முடிந்திருக்காது என்பது என் கருத்து.

பதில் (ரங்கூன், வேறொருவர்)
கணக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஏதென்ஸ் துறைமுகமான பிரேயுஸில் கிடைத்த சீதோனியர் (சீதோன் என்ற பினீசிய ஊரார்) கல்வெட்டைப் படியுங்கள். கோயில் முற்றத்தைக் கட்டிய தலைவர் ஷமபாலுக்கு 20 திராக்மா பெறும் பொன் முடி. தீர்மானம் எழுதிய நாள் மர்சேயாவின் நான்காம் நாள். மர்சேயா என்பது சாமி பெயரால் கூடி விருந்துண்ணும் சங்கம், அந்த விருந்துக்கும் அதே பெயர். தீர்மானத்தைக் கல்லில் வெட்டி, எல்லார் கண்ணிலும் படும்படி கோயில் முகப்பு மண்டபத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். கல்லுக்கு 20 திராக்மா எடுத்தது சீதோன் ஊர்ச் சாமியான பால்-சீதோனின் வெள்ளியிலிருந்து. சாமி காசு தனிக் கணக்கு என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

கித்தியோனில் கிடைத்த கல்பலகையோ மாதச் செலவுக் கணக்கே. அமாவாசைக்கு அடுத்த பிறைநாள் செலவு, அஸ்தார்த்தை கோயில் கட்டிய கொத்தர் கூலி, பணியாரம் சுட்ட இருவர் கூலி, நாவிதர் கூலி, ஒவ்வொன்றும் தனி வரி.

கேட்டவர்
நன்றி ஐயா. பணியாரம் யாருக்குப் படைத்தது?

பதில் (ரங்கூன், வேறொருவர்)
'அரசிக்கு' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அஸ்தார்த்தை என்றே பலரும் கொள்கிறார்கள்.