"சிலோன்காரர்" என்று சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி (கோத்தகிரி):
என் தாத்தா, இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கண்டிப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கிளம்பி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர். நான் பிறந்ததும் படித்ததும் கோத்தகிரியில்தான். ஆயினும் நான் வேலை செய்யும் இடத்தில் யாருக்காவது கோபம் வந்துவிட்டால், "சிலோன்காரங்களே இப்படித்தான்; அகதியா வந்தவங்களுக்கு இவ்வளவு வாயா?" என்ற பேச்சு வந்துவிடுகிறது. அப்படிச் சொல்பவர்கள் என் பகைவர்கள் அல்லர். மதியச் சாப்பாட்டை என்னோடு பகிர்ந்துகொள்பவர்கள். பேசாமல் இருந்துவிடுவதா, ஒவ்வொரு முறையும் வரலாறு சொல்லித் திருத்துவதா?

பதில் 1 (கூடலூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்):
திருத்தத்தான் வேண்டும், அம்மா. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட, இலங்கை மலையகத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தொழிலாளர்களில் 5,25,000 பேரை ஏற்பதாக, 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்தவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு கப்பலேறிய குடிமக்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டம்தான் இன்றைய டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்). சேரம்பாடி, பந்தலூர்ப் பக்கம் அட்டைக்கடியோடு செடி நட்டவர்களின் பேத்தியைப் பார்த்து "வந்தேறி" என்ற தொனியில் பேசுவது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. தாத்தா இந்தியா வந்தபோது கொடுக்கப்பட்ட குடும்ப அட்டை (ரேஷன் அட்டை அல்ல) வீட்டில் இருந்தால், குடும்பத்தினர் பெயர்கள் எழுதிய அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் 2 (ஊட்டி):
நான் படகர். மலையில் பிறந்தவர்கள் எல்லாரும் தோடர் பழங்குடியினர் என்றும், குடிசையில்தான் வாழ்கிறோம் என்றும் நினைத்துக்கொண்டு படமெடுக்க வரும் சுற்றுலாப் பயணிகளிடம் எங்கள் ஹட்டியை (படகர் ஊரை)ப் பற்றிப் பொறுமையாகச் சொல்கிறேன். பெரும்பாலோர் கேட்டுக்கொள்கிறார்கள். கோபம் தணிந்த பிறகு சொல்லுங்கள்.

பதில் 3 (குன்னூர்):
ஆசிரியர் ஐயா சொன்ன வரலாறு சரியே. ஆனால், "நாங்கள் அகதிகள் அல்லர்" என்று அழுத்திச் சொல்லும்போது, இலங்கையில் நடந்த 1983 இனக்கலவரத்துக்குப் பின் உயிர் பிழைக்கப் படகேறி வந்து இன்னும் முகாம்களில் இருப்பவர்களை நாமே கீழே தள்ளிவிடக்கூடாது. அவர்களிலும் மலையகத் தமிழர்கள் உண்டு. இங்கேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காத பிள்ளைகளும் உண்டு. ஆகவே சகோதரி, "என் தாத்தா குடியுரிமையோடு வந்தவர், அகதியாக வந்திருந்தாலும் நீங்கள் என்னிடம் இப்படிப் பேசக்கூடாது" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் பாதியை மட்டும் சொன்னால், அந்த ஏச்சு முகாமில் இருக்கும் இன்னொரு பெண்ணின் மேல் போய் விழும்.