பல வருஷம் கழித்துக் கோயில் படி ஏறியவர்கள் இருக்கிறீர்களா?

தேரிமணல்:

நானே தொடங்குகிறேன். மெஞ்ஞானபுரம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம்; கோயில் என்றால் எங்களுக்குத் தேவாலயம். நான் விலகியது 1995-இல், 19 வயதில். காரணம் நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சபைக் கமிட்டித் தேர்தல், இரண்டு கோஷ்டி, பீடத்துக்கு முன்னால் சட்டையைப் பிடித்த சண்டை, அடுத்த வாரம் வாசலில் போலீஸ் வேன் நிற்க ஆராதனை. அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தேன், அங்கே வாசித்த புத்தகங்களும் சேர்ந்துகொண்டன. 2002-இல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம். அம்மா வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. 2021 மே மாதம் அவள் போனபோது உடலைக் கோயிலுக்குள் கொண்டுபோக வழியில்லாத காலம். நேரே கல்லறைத் தோட்டம். ஐயர், அதாவது எங்கள் போதகர், முகக்கவசத்தோடு தள்ளி நின்று ஜெபித்தார். நான் அதைவிடத் தள்ளி, வேப்பமரத்தடியில்.

2023-இல் வீட்டை விற்கிற விஷயமாக ஊருக்குப் போனேன். போய் இறங்கிய அன்று அசனம், அதாவது கோயிலின் பொதுச் சாப்பாடு, என்பதே எனக்கு நினைவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கறிக்குழம்பு வாசனை. பந்தல் வாசலில் மேசை போட்டு வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். சும்மா போய் உட்காரக் கூச்சமாக இருந்தது, ஆயிரம் ரூபாயை நீட்டினேன். கணக்கு எழுதுகிற தாத்தாவுக்கு எண்பது வயது இருக்கும். கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"நீ இன்னாரு மகன்லா?"

ஆமாம் என்றேன். எச்சில் தொட்டு நீள நோட்டைப் புரட்டினார். "ஒனக்குப் பாக்கி ஒண்ணும் இல்லியேடே" என்றார்.

நான் ஊரில் வரி கட்டுகிற குடும்பமாக, தலைக்கட்டாகவே இல்லையே, எனக்கு எப்படிப் பாக்கி வரும் என்றேன். நோட்டை என் பக்கம் திருப்பித் தள்ளினார். அம்மா பெயர். அதற்குக் கீழே என் பெயர், தனித் தலைக்கட்டாக. பழைய நோட்டையும் எடுத்துக் காட்டினார். 2002-இலிருந்து ஒவ்வொரு வருஷமும் சங்கக் காணிக்கை, அசன வரி. ரிஜிஸ்டர் கல்யாணம் நடந்த அதே வருஷம் போய்ப் பெயரைச் சேர்த்திருக்கிறாள். என்னை ஒருநாள்கூடக் கோயிலுக்கு வா என்று கூப்பிட்டவள் இல்லை. நான் மாதாமாதம் அனுப்பிய பணமாகவும் இருக்காது. அதைத் தொடாமல் பாங்கில் போட்டு வைத்திருந்தாள், அது எனக்குத் தெரியும். கருப்பட்டி விற்ற காசுதான்.

விரலை வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் "சீக்கிரம் நகருடே, சோறு ஆறுது" என்றார்.

மறுநாள் ஞாயிறு, அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஆராதனை. போய் முழங்கால் போட்டுக் கை நீட்டினேன். இதுதான் உறுத்துகிறது. இன்னின்னதை நம்புகிறேன் என்று எல்லாரும் சேர்ந்து சொல்கிற விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது பாதி வரிகளில் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். நான் திரும்பியது கடவுளிடமா, அந்த நோட்டிடமா? அப்படிக் கை நீட்டியது பொய்யா? அதற்கப்புறம் ஞாயிறுதோறும் போகிறேன். இன்னும் விடை இல்லை. உங்களுக்கு எப்படி நடந்தது, சொல்லுங்கள்.


முத்துநகர் வாசி:

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் பக்கம் நோட்டு இல்லை, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிதான். 22 வருஷம் நான் அதன் பக்கம் போகவில்லை. பூசைக்கும் போகவில்லை, கல்யாண வீடு, துக்க வீடு தவிர.

பனிமய மாதா திருவிழா. ஜூலை 26 கொடியேற்றினால் ஆகஸ்ட் 5 வரை தூத்துக்குடியில் வேறு பேச்சே கிடையாது. அது தங்கத்தேர் ஓடுகிற வருஷம்கூட இல்லை, இருந்தும் கூட்டம் தாங்கவில்லை. மனைவி பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். அவளுக்கு மூட்டுவலி. அவளுக்கு இடம் பிடித்துக் கொடுக்கத்தான் நின்றேன், சத்தியமாக. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் என் முறை வந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் "போங்க, போங்க" என்று தள்ளிவிட்டார்கள்.

முழங்கால் போட்டாயிற்று. என்ன சொல்லித் தொடங்குவது என்று மறந்துபோச்சு. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வயதான சாமியார். "கடைசியா எப்ப செஞ்சீங்க?" என்றார். "இருபத்திரண்டு வருஷம், சாமி" என்று முணுமுணுத்தேன். அவருக்குக் காது மந்தம். "சத்தமா சொல்லுப்பா, எத்தனை வாரம்?"

"இருபத்திரண்டு வருஷம்!"

வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது. யாரோ சிரித்தார்கள். சாமியார் சிரிக்கவில்லை. "சரி, வந்துட்டேல்ல" என்றார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அபராதமாக ஒரே ஒரு "அருள் நிறைந்த மரியே" செபம் சொல்லச் சொன்னார். எனக்கு உள்ளூரக் கோபம். இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒன்றா? மலிவாகப் போய்விட்ட மாதிரி.

பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன். வரவில்லை. பாட்டி எனக்குச் சொல்லித்தந்தது பழைய செபம், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க". மறைக்கல்வியில் படித்தது புதியது. இரண்டும் கலந்து நடுவில் நின்றுபோச்சு. பக்கத்தில் மீன்கூடைக்காரம்மா ஒருத்தி, கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று எடுத்துக் கொடுத்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல. அவள் பின்னாலேயே சொல்லி முடித்தேன். அப்புறம் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

மலிவு என்று நினைத்தேனே, அந்த எரிச்சல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.


ஜீவதண்ணீர்:

சகோதரர்கள் இருவருக்கும் இயேசுவின் நாமத்தில் வாழ்த்துக்கள். தவறாக நினைக்காதீர்கள், நீங்கள் எழுதியது ஊர்ப்பாசம், தாய்ப்பாசம். மனந்திரும்புதல் வேறு.

நான் மனந்திரும்பிய கதை, என் சாட்சி, சுருக்கமானது. 2011, திருச்சி மத்திய பேருந்து நிலையம், ராத்திரி. நல்ல குடி. ஒரு பெரியவர் வரிசையாகச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் தாண்டிப் போய்விட்டார். "எனக்கு ஏன் கொடுக்கல?" என்று எழுந்து பின்னாலேயே போனேன். அவர் பயந்து வேகமாக நடந்தார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் குடி விட்டது.

இப்போது சகோதரர் தேரிமணல் செய்ய வேண்டியது. முதலில் வேதத்தை ஆதியாகமம் முதல் வரிசையாக வாசியுங்கள். வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து என்று போனால் 1189 அதிகாரமும் ஒரு வருஷத்துக்குள் முடிந்து ஓரிரண்டு நாள் மிச்சம் இருக்கும். பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் நின்றுவிடுவீர்கள், பலரும் அங்கேதான் நிற்கிறார்கள், தாண்டிப் போய்விடாதீர்கள். இரண்டாவது, குழந்தையில் தெளித்ததை ஞானஸ்நானம் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், விசுவாசித்து முழுகி எடுங்கள். அசனம், ஏலம், பண்டிகை இவற்றிலிருந்து கொஞ்ச நாள் ஒதுங்கி இருப்பது நல்லது, அங்கே ஜாதியும் கோஷ்டியும்தான் பரிமாறப்படுகின்றன. அதிகாலை நாலரைக்கு எழும்புங்கள். முதல் வாரம் தூக்கம் வரும், முகம் கழுவிவிட்டு உட்காருங்கள். டிவி தொடர்களை நிறுத்துங்கள். ஜெப நோட்டு ஒன்று போட்டுத் தேதியோடு எழுதுங்கள், பதில் கிடைத்ததைச் சிவப்பு மையில் குறியுங்கள். மனைவியையும் அழைத்து வாருங்கள், தனியாக வருகிறவர்கள் ஆறு மாதத்தில் பின்வாங்கிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பொய்யா என்று கேட்டீர்கள். அரைமனதோடு பந்தியில் கை நீட்டுவது ஆபத்து, 1 கொரிந்தியர் 11-ஐ வாசியுங்கள்.


கடைசிப் பெஞ்சு:

ஜீவதண்ணீர் அண்ணா, உங்கள் பேருந்து நிலையக் கதைதான் நன்றாக இருந்தது. அதை இன்னும் சொல்லியிருக்கலாம். கைப்பிரதி கிடைக்காமல் திரும்பிய ஆளை நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. மீதியை யாரும் கேட்கவில்லை.

1 கொரிந்தியர் 11 சொன்னீர்கள். அங்கே பவுல் திட்டுவது யாரை? ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று, சேர்ந்து சாப்பிடத் தெரியாதவர்களை. அரைமனதுக்காரர்களை அல்ல. அசனத்தை விடச் சொல்வதற்கு அந்த அதிகாரத்தை எடுத்தது சரியில்லை.

லூக்கா 15-இல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனுக்கு அப்பா விருந்து வைக்கிற கதையில், மூத்தவன் ஒருவன் இருக்கிறானே. வயலிலிருந்து வந்தவன் வீட்டுக்குள் நுழையாமல் வாசலில் நின்று கணக்குப் பேசுகிறான். கெட்ட குமாரன் என்று தலைப்புப் போட்டு நாம் இளையவனையே பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் கதை. மகள் நான்கு வயதில் போனாள். ரத்தப் புற்று. ஜெபக்குழுவில் வந்தவர்கள் விசுவாசக் குறைவு என்றார்கள். என் முகத்துக்கு நேரே, ஆஸ்பத்திரிக் கட்டிலருகில். அன்றோடு விட்டேன். ஒன்பது வருஷம்.

இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கிற பெரிய வெள்ளி அன்று வெயிலில் மயக்கம் வருகிற மாதிரி இருந்தது. மின்விசிறிக்காகத்தான் ஒரு கோயிலில் நுழைந்தேன், கடைசிப் பெஞ்சு. பன்னிரண்டு முதல் மூன்று வரை நடக்குமே, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள், அது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒருவர் பேசுகிறார். மூன்று பேர் முடித்திருந்தார்கள், எல்லாம் வழக்கமான பேச்சு. நாலாவதுக்கு ஒரு கல்லூரிப் பெண் ஏறினாள். எழுதி வைத்திருந்த தாளைக் காணவில்லை போலிருக்கிறது. வேதத்தைப் புரட்டுகிறாள், கைப்பையைத் திறக்கிறாள், இல்லை. மைக்கில் அவள் மூச்சு கேட்கிறது. பிறகு வசனத்தை மட்டும் வாசித்தாள்.

"என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?"

சிறிது நேரம் நின்றாள். மறுபடி அதையே வாசித்தாள். இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டாள். ஐயர் எழுந்திருக்கவில்லை, பாட்டும் எடுக்கவில்லை. விசிறிச் சத்தம் மட்டும். எனக்கு எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒன்பது வருஷத்தில் யாரும் எனக்கு விளக்கம் சொல்லாமல் இருந்தது அன்றுதான்.

வெளியே வரும்போது அந்தப் பெண் செருப்பு வைக்கிற இடத்தில் அழுதுகொண்டிருந்தாள், எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று தோழியிடம் சொல்லிக்கொண்டு. போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இன்றுவரை அதுதான்.


பாலைவனத்தான்:

மேலே உள்ள பதிவுக்குப் பிறகு என்னுடையதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சகோதரிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

2010, குவைத். வெள்ளிதான் விடுமுறை, அதனால் தமிழ் ஆராதனையும் வெள்ளிதான். அறைத் தோழன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஞாயிறு இல்லையே, இது கோயிலுக்குப் போவதாகாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு போனேன். ஆராதனை முடிந்தால் டீ, வடை உண்டு என்று சொல்லியிருந்தான்.

நடுவில் "இன்றைக்குப் புதிதாக வந்தவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார்கள். தோழன் விலாவில் இடித்தான். நின்றேன். ஊர், பெயர் சொன்னேன். எல்லாரும் கைதட்டி ஒரு வரவேற்புப் பாட்டு. புதிசாக ஏசுவை அறிந்த ஆள் என்று நினைத்து முன்வரிசை அம்மா ஒருவர் இரக்கத்தோடு பார்த்தார். அடுத்து ஒரு பழைய கீர்த்தனை எடுத்தார்கள். ஊரில் பதினாறு வயது வரை டோலக் அடித்தது நான்தான். புத்தகம் இல்லாமல் நாலு சரணமும் வாயில் வருகிறது, கை தன்னால் பெஞ்சில் தாளம் போடுகிறது. நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கவில்லை. முன்வரிசை அம்மா மெல்லத் திரும்பிப் பார்த்தார். எங்கே போய் முகத்தை வைப்பது!

வடை வாங்குமிடத்தில் அவரே வந்தார். "எந்த ஊர்க் கோயில்ல அடிச்சே?" என்று கேட்டார். அடுத்த வெள்ளி டோலக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.


பெயர் வேண்டாம்:

எல்லாரும் திரும்பி வந்த கதை எழுதுகிறீர்கள். நான் திரும்பி வந்து மறுபடி போனவன். என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். முதல் தடவை உள்ளதைச் சொன்னேன், சீட்டாட்டம், கடன். கூட்டத்துக்கு அது போதவில்லை. அடுத்த ஊரில் கூட்டம் நடத்திய ஊழியர் என்னை அறிமுகப்படுத்தும்போதே "பல லட்சம் இழந்தவர்" என்றார். உண்மையில் நாற்பதாயிரம். நான் திருத்தவில்லை. ஐந்தாவது ஊரில் தற்கொலை முயற்சியும் சேர்ந்திருந்தது, அதை என் வாயாலேயே சொன்னேன். ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், தன் மகன் அப்படித்தான் போனான் என்று. அந்தக் கையை உருவிக்கொண்டு வந்தவன்தான். இன்னும் போகவில்லை. கடவுளோடு எனக்குச் சண்டை எதுவும் கிடையாது.


ஜீவதண்ணீர்:

சகோதரி, மன்னியுங்கள். உங்கள் மகளைப் பற்றி அவர்கள் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஞானஸ்நானம் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

பேருந்து நிலையம் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பெரியவரை நான் மறுபடி பார்க்கவில்லை. இப்போது நானும் மாதம் ஒரு தடவை அங்கே கைப்பிரதி கொடுக்கிறேன். குடித்தவர்களைத் தாண்டிப் போவதா வேண்டாமா என்று ஒவ்வொரு தடவையும் குழப்பம்தான்.


தேரிமணல்:

பெயர் வேண்டாம் என்றவரே, நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் கேட்கவில்லை. அம்மா போனது 2021. நான் போனது 2023. பாக்கி ஒன்றும் இல்லை என்றாரே தாத்தா, நடுவில் 2022? அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. சென்னை திரும்பிய பிறகு, ஒரு ராத்திரி திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தேன். போன் போட்டுக் கேட்டேன். "எவனோ போட்டான், விடுடே" என்றார். நோட்டில் மற்ற வருஷங்களில் என் பெயருக்கு நேரே அம்மாவின் கையெழுத்து, கோணல்மாணலாக. அந்த வருஷத்தில் மட்டும் கணக்குக்காரரின் கையெழுத்தே இருந்தது. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன்.

வீட்டை விற்கவில்லை. ஜீவதண்ணீர் அண்ணா, லேவியராகமத்தில் நின்றுவிட்டேன், நீங்கள் சொன்ன மாதிரியே.

போன மாதம் இந்த வருஷ வரி கட்டப் போனேன். என் மகனுக்கு இருபது வயது, பெங்களூரில் படிக்கிறான், கோயில் என்றால் சிரிப்பான். தாத்தா பேனாவை மூடாமலே கேட்டார், "பயலுக்குக் கல்யாணம் ஆனா அவனுக்கும் ஒரு வரி தொறந்துருவமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.