மோல்: பெருச்சாளியா, அகழெலியா, உள்ளொற்றரா?

> உளவுத்துறைச் சொற்பட்டியலில் 'மோல்' என்பதற்குப் 'பெருச்சாளி' என்று போடலாமா? இரண்டும் வளை தோண்டுபவைதானே.

வணக்கம். ஆங்கிலத்தில் மோல் (mole) என்பது மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு சிறு விலங்கு; ஓர் அமைப்புக்குள் இருந்தபடி அதன் ரகசியத்தை எதிரிக்குக் கொடுப்பவரையும் அப்படியே அழைப்பார்கள். பெருச்சாளி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'ஊழல் பெருச்சாளி' என்று மேடையிலும் நாளிதழிலும் புழங்கிப் புழங்கி, லஞ்சம் தின்று கொழுத்தவர் என்ற பொருள் அதற்கு நிலைத்துவிட்டது. மோல் காசு வாங்கியும் செய்யலாம், வாங்காமலும் செய்யலாம். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஊழியர் ஆல்ட்ரிச் ஏம்ஸ் பணத்துக்காக சோவியத் தரப்புக்கு ரகசியம் கொடுத்தார். பிரிட்டிஷ் உளவுத்துறையின் கிம் ஃபில்பி அதையே கொள்கைக்காகச் செய்தார். இருவரும் மோல்தான்.

விலங்கியலும் இடம் கொடுக்காது. மோல் எலியினமே இல்லை. கொறிக்காது, மண்புழு தின்னும். முன்கால்கள் அகன்று, உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பி, மண்ணைத் தள்ளத் தோதாக இருக்கும். மென்மயிர் எந்தப் பக்கம் தடவினாலும் படியும். குறுகிய வளைக்குள் பின்னோக்கி நகர்ந்தாலும் மண்ணில் சிக்காது. தோண்டிய மண்ணை மேலே தள்ளிச் சிறு குவியல்களாக விட்டுப் போகும். ஐரோப்பியத் தோட்டக்காரர் கண்ணில் படுவது பெரும்பாலும் அந்தக் குவியல்தான், விலங்கு அல்ல. உருவகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது: ஆள் தெரியாது, சேதம் தெரியும். 1985-லிருந்து சிஐஏவுக்குத் தகவல் தந்த சோவியத் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிடிபட்டார்கள். ஏம்ஸ் கைதானது 1994-ல்.

இந்தியாவில் இவ்விலங்கு இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கிலும் உண்டு, தமிழ்நாட்டில் இல்லை. 'அகழெலி' விலங்கின் பெயராக இருக்கட்டும். மனிதருக்கு ஏற்றினால் நம் வாசகர் மனத்தில் எந்தப் படமும் எழாது. ஆகவே விலங்கை விட்டுவிட்டு, செயலைப் பிடிப்போம்.

மோல் என்பவர் எதிரி அமைப்பின் சம்பளப் பட்டியலிலேயே இருப்பவர்; உள்ளே இருந்தபடி பதவி உயர்ந்து ரகசியத்தை நெருங்குபவர்; ஆண்டுக்கணக்கில் தொடர்பவர். ஃபில்பியை சோவியத் தரப்பு 1934-ல் சேர்த்தது. அவர் பிரிட்டிஷ் உளவுத்துறைக்குள் நுழைந்தது 1940-ல். மாஸ்கோவுக்குத் தப்பியது 1963-ல். துறவி வேடத்தில் போய் வேவு பார்க்கும் ஒற்றரைப் பற்றிக் குறள் 586 சொல்கிறது, ஆனால் அது வெளியாள் போடும் வேடம். ஆணை வரும்வரை சும்மா இருப்பவர் உறங்கும் ஒற்றர். ஒரு தரப்புக்கு உளவு பார்ப்பதாகக் காட்டி மறுதரப்புக்கு உழைப்பவர் இரட்டை ஒற்றர். மூன்றையும் மோலோடு கலக்கக் கூடாது.

என் பரிந்துரை 'உள்ளொற்றர்'. உள் + ஒற்றர். தனிக்குறில் முன் ஒற்று இரட்டிக்கிறது, 'உள்ஒற்றர்' என்று பிரித்து எழுத வேண்டாம். தொடரில் வைத்துப் பாருங்கள்: 'உள்ளொற்றர் வேட்டை', 'உள்ளொற்றராக அமர்த்தினர்'. இடறவில்லை. 'அகழொற்றர்' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அகழ்' என்றால் இன்று வாசகர் கீழடிக்குப் போய்விடுகிறார்.

பட்டியலை ஏற்றுபவர் கவனத்துக்கு: ஆங்கிலத்தில் இதே எழுத்துக்கூட்டில் வேறு பொருள்களும் உண்டு. வேதியியலில் மோல் (6.02214076 × 10²³ துகள்கள்), தோலில் மச்சம், துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர், மகப்பேறு மருத்துவத்தில் முத்துப்பிள்ளை (முறையாக வளராத ஒருவகைக் கரு). இவற்றின் வேர்கள் வேறு, விலங்கோடு உறவில்லை. துறைக்குறி இல்லாமல் ஏற்றினால் 'மச்ச வேட்டை' என்று வந்து நிற்கும்.

---

> 'உளவாளி' எல்லோருக்கும் தெரிந்த சொல். ஏன் ஒற்றர்? அல்லது குறளின் 'உட்பகை' போதாதா?

'உள் உளவாளி' நாக்கில் தடுக்கும். சேர்த்து எழுதினால் 'உள்ளுளவாளி', இன்னும் மோசம். உட்பகை அருமையான சொல், ஆனால் அது உறவு போல் இருந்து உள்ளூரப் பகைக்கும் நிலை. தகவல் கடத்தும் வேலை அதில் இல்லை. மன்னனைக் கவிழ்க்கும் தம்பியும் உட்பகைதான், அவர் எவருக்கும் ஒற்றர் அல்லர்.

பதிவு இப்படி இருக்கலாம்:

உள்ளொற்றர் (பெ.; உளவுத்துறை): ஓர் அமைப்பின் ஊழியராகவே நெடுங்காலம் இருந்து, அதன் ரகசியங்களை எதிர்த்தரப்புக்குக் கொடுப்பவர். ஒப்பிடுக: இரட்டை ஒற்றர், உறங்கும் ஒற்றர்.